வேலைக்குக் காசு கட்டாதீர்கள்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பொறியியல் முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை, யூடியூபைத் திறந்தால் போதும். அதனால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். பி.இ. முடித்த மகனோ மகளோ வீட்டில் இருக்க, “என்ன, இன்னும் ஒண்ணும் அமையலையா?” என்று கல்யாண வீட்டிலும் ரேஷன் கடையிலும் கேட்கப்படுகிறவர்கள் நீங்கள். அந்தக் கேள்வியைத் தாங்க மாட்டாமல், எங்காவது ஒரு தொகையைக் கட்டி இதை முடித்துவிடலாமா என்று ராத்திரி படுக்கையில் கணக்குப் போடுகிறவர்களும் நீங்கள்தான். அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தவன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பணியின் பிற்பகுதியில் புது ஆள் எடுக்கும் நேர்காணல்களில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகளின் முகம் பழக்கமானது. கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் காத்திருந்த அப்பாக்களின் முகமும்தான்.

முதலில் நிலவரம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து இன்ஃபோசிஸ் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை, உள்தேர்வில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பியது. 2022-லேயே பணி ஆணை வாங்கி, இரண்டு வருஷம் காத்திருந்து, 2024 அக்டோபரில் உள்ளே போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதியவருக்கு ஆண்டுச் சம்பளம் மூன்று, மூன்றரை லட்சம் என்பது பத்து வருஷத்துக்கு மேலாக அசையாமல் நிற்கிறது. சென்னையில் அறை வாடகை அப்படி நிற்கவில்லை.

இந்த மாதிரித் தேக்கம் 2008-லும் வந்தது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது, 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி சந்திக்கு வந்தது. ஆஃபர் லெட்டரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பையன்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் தேக்கம் விலகியதும் கம்பெனிகள் முன்னைவிட அதிகமாக ஆள் எடுத்தன. இந்த முறை அப்படி நடக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த வேலைகள், அதாவது சோதித்துப் பார்ப்பது, சின்னச் சின்ன கோடிங், பிழை திருத்துவது எல்லாம் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. இந்தச் சமயம் பார்த்து, ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் வைக்கலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் எடுத்துவிட்டது. கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைப் பெருக்கின. 2025 பொறியியல் கலந்தாய்வின் தரவரிசைப் பட்டியலில் சுமார் 2.4 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் பட்டத்தோடு வெளியே வருவது 2029-ல்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். உலகத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4. படித்தது தப்பு என்று இதை வாசிக்கக் கூடாது. படிக்காத பிள்ளைக்குச் சும்மா இருக்க வசதியில்லை, கிடைத்ததைச் செய்கிறான். பட்டம் வாங்கியவன் காத்திருக்கிறான். காத்திருக்க வைக்கிற அளவுக்கு வீட்டில் ஏதோ கொஞ்சம் இருக்கிறது: அம்மாவின் வளையல், அரை ஏக்கர் முந்திரி, அப்பாவின் பி.எஃப். பணம். அந்தக் கொஞ்சத்தைக் குறிவைத்துத்தான் சிலர் வருகிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக்கென்று தனிக் கதை உண்டு. 1929-ல் பல்கலைக்கழகமும் 1945-ல் அதில் பொறியியலும் வந்த ஊர் சிதம்பரம். 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 80-களில் கடலூர் சிப்காட். படிக்கிற இடம், நிலக்கரி, மின்சாரம், ரசாயனம் எல்லாம் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருந்த மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது? என் காலத்தில் பட்டம் வாங்கிய பையன் ஊரைவிட்டுப் போகாமலே பிழைக்கலாம் என்று நம்ப இடமிருந்தது.

அந்த நம்பிக்கையின் உச்சம் நாகார்ஜுனா சுத்திகரிப்பு ஆலை. தியாகவல்லி, காயல்பட்டு பக்கம், ஆண்டுக்கு 60 லட்சம் டன் திறன். “ரிஃபைனரி வருது, நம்ம பசங்களுக்கு இங்கயே வேலை” என்று சொல்லிக்கொண்டு மகனை கெமிக்கலிலும் மெக்கானிக்கலிலும் சேர்த்த வீடுகளை எனக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடிகாலை தானே புயல் கரையேறியது. முந்திரியும் பலாவும் சாய்ந்ததோடு, கட்டிக்கொண்டிருந்த அந்த ஆலையும் சேதமானது. அதன் பிறகு வேலை எழுந்து நிற்கவே இல்லை. 2018-ல் நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, பின்னர் ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் அதன் சொத்துகளை வாங்கியது. கச்சா எண்ணெய் ஒரு சொட்டுகூட அங்கே சுத்திகரிக்கப்படவில்லை. பரங்கிப்பேட்டை அருகே 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் வந்தது. ஓடத் தொடங்கிச் சில வருஷத்துக்குள், 2018-ல், தாய் நிறுவனமான ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். கடனில் மூழ்கியது.

எம்.இ. முடித்து அண்ணாமலையிலேயே விரிவுரையாளராகிவிடலாம் என்ற வழியும் அடைபட்டது. நிதி நெருக்கடியில் சிக்கிய பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு ஏற்ற பிறகு, தேவைக்கு மேல் இருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்களைப் பணிநிரவலில் மற்ற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று. இருப்பவர்களுக்கே இடம் தேடிய இடத்தில் புதியவருக்கு எங்கே நாற்காலி?

நெய்வேலியைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். 2022-ல் 299 பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர் இடங்களுக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வழியாக ஆள் எடுத்தபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எங்கே என்று இங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மறு வருஷம் ஜூலையில் மேல்வளையமாதேவியில் சுரங்கத்துக்காகப் பயிர் நின்ற வயலுக்குள் எந்திரம் இறங்கியதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள், சிலர் நேரிலேயே. நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கூடவே நான் கண்டதையும் சொல்லிவிடுகிறேன்: நேர்காணலில் என் முன் உட்கார்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகளில் குரூப் 4 எழுதாதவர் அரிது, கேட் எழுதியவர் அதைவிட அரிது. வாசலில் போராட்டம் நடக்கட்டும், உள்ளே போகிற பரீட்சையையும் யாராவது எழுத வேண்டாமா?

இனி ஆள் எடுக்கிற மேசைக்கு வருகிறேன். நூற்றுக்கணக்கில் ரெஸ்யூம் வந்து குவியும்போது படித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதனால் வடிகட்டுகிறார்கள். பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம். அரியர் கூடாது. இந்த வருஷம் பாஸ்ட் அவுட் ஆனவர் மட்டும். கடைசி நிபந்தனைதான் மிகக் கொடியது. உலகச் சந்தை சரிந்த வருஷத்தில் படிப்பு முடிந்தது உங்கள் மகன் செய்த குற்றமா? ஆனால் அடுத்த வருஷம் சந்தை நிமிர்ந்தால், எடுப்பது அடுத்த பாட்சைத்தான்.

ஜப்பானில் இது ஒரு தலைமுறையையே தின்றது. அங்கேயும் கம்பெனிகள் அந்தந்த வருஷம் கல்லூரி முடிப்பவர்களை மொத்தமாக எடுக்கும் வழக்கம். 90-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்து, சுமார் பத்து வருஷம் வாசல் அடைத்துக்கொண்டது. அப்போது வெளியே வந்தவர்களில் பலர் நிரந்தர வேலைக்குள் நுழையவே முடியாமல் தற்காலிக வேலைகளிலேயே நாற்பது வயதைத் தாண்டினார்கள். 2019-ல் அந்த நாட்டு அரசு அவர்களுக்கென்று தனித் திட்டம் போட வேண்டி வந்தது. கனடாவில் கிடைத்த செய்தி கொஞ்சம் தெம்பூட்டுவது. மந்தகாலத்தில் பட்டம் வாங்கியவர்களைப் பல வருஷம் தொடர்ந்து ஆராய்ந்து, முடிவை 2012-ல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவு. ஐந்து வருஷத்தில் அந்த இடைவெளி பாதியானது, பத்து வருஷத்தில் ஏறக்குறைய மறைந்தது. மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் என்றால், தொடக்கத்தில் சின்ன, சம்பளம் குறைந்த இடத்தில் சேர்ந்தார்கள், அங்கிருந்து நல்ல இடத்துக்குத் தாவினார்கள்.

தாவுவதற்குக் கால் எங்காவது ஊன்றியிருக்க வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான். பட்டத்துக்குப் பிறகு வருகிற முதல் வருஷம் வேலைத்தளத்தில் கழியட்டும், வீட்டிலும் கோச்சிங் அறையிலும் கரைய வேண்டாம். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, பரவாயில்லை.

எங்கள் மேசையில் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சே, என்ன பண்ணீங்க தம்பி?” பையன் சொல்வான்: “கோர்ஸ் பண்ணேன் சார்.” என்ன கோர்ஸ்? சாலிட்வொர்க்ஸ். வரைந்த பாகம் எதையாவது லேத்தில் ஓட்டிப் பார்த்தாயா? பதில் வராது. தப்பு அவன் மேல் இல்லை. நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்த இடத்தில் லேத் இருந்தால்தானே?

புவனகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன், எங்கள் ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுன் சமயத்தில் காண்ட்ராக்டரிடம் வேலைக்கு வந்தான். மாதம் 12,000 ரூபாய், சாப்பாடு அவன் செலவு. ஒருநாள் பம்பையும் மோட்டாரையும் நேர்கோட்டில் நிறுத்தும் வேலை. கப்ளிங்கில் டயல் கேஜை மாட்டி, ஃபிட்டர் அண்ணன் ஷாஃப்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்ப, இவன் குந்தியபடி நோட்டில் மேல், வலது, கீழ், இடது என்று எழுதிக்கொண்டிருந்தான். மேலே பூஜ்யம் வைத்தது கீழே 0.30 மில்லிமீட்டர் காட்டியது. “இப்ப எவ்வளவு ஷிம் போடணும்?” என்று ஃபிட்டர் கேட்டார். பையன் யோசிக்காமல் “0.30” என்றான். ஃபிட்டர் சிரித்துவிட்டார். “பாதி தம்பி, பாதி. முள்ளு மேல உள்ளதையும் கீழ உள்ளதையும் சேத்துத்தான் காட்டும்.” 0.15 போட்டார்கள். மறுபடி சுற்றினார்கள், முள் அசையவில்லை. பையன் அந்தப் பக்கத்தில் தேதி போட்டு, படம் வரைந்து வைத்துக்கொண்டான். அந்த நோட்டை அடுத்த நேர்காணலுக்கும் கொண்டுபோனான் என்று பிற்பாடு சொன்னான். ஸ்ரீபெரும்புதூரில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு இப்போது குஜராத்தில் ஒரு ரிஃபைனரியில் சுழலும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறான். இங்கே வராத ரிஃபைனரிக்கு அவன் அங்கே போய்ச் சேர்ந்தான்.

இதே மாதிரி வேலை உங்கள் மகனுக்கு வந்தால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். “பி.இ. படிக்க வெச்சது காண்ட்ராக்ட்காரன்கிட்ட கூலிக்குப் போகவா? சம்பந்தி வீட்ல என்னன்னு சொல்றது?” சொல்லிவிட்டு அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்வீர்கள். அவனும் உள்ளறையில் மொபைலோடு உட்கார்ந்துவிடுவான். ஆறு மாதத்தில் அவன் பேச்சு குறைந்துவிடும், அதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

காண்ட்ராக்ட் வேலை சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் பிழிகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டுச் சேருங்கள். நியமனக் கடிதம் உண்டா? பி.எஃப். பிடிப்பார்களா? மாதச் சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டா? ரசாயன ஆலைக்குள் அனுப்பினால் பாதுகாப்புப் பயிற்சி, ஷூ, பெர்மிட் இல்லாமல் வேலை தொடங்குகிறார்களா? பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை லேசாக நினைக்காதீர்கள். நாளைக்குப் பெரிய கம்பெனி அனுபவத்தைச் சரிபார்க்கும்போது அந்தக் கணக்கின் வரலாற்றைத்தான் பார்க்கும். இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் என்று அச்சடித்து விற்கிறவர்களிடம் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஒரிஜினல் சர்டிபிகேட்டை எவர் கேட்டாலும் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், விட்டுவிட்டு வர வேண்டாம்.

காண்ட்ராக்டர் வேண்டாம் என்றால் தொழிற்பழகுநர் பயிற்சி இருக்கிறது. நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். நெய்வேலி, மின்வாரியம், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் பட்டதாரிகளை ஓராண்டுப் பயிற்சிக்கு எடுக்கின்றன. விண்ணப்பம், சென்னை தரமணியில் இருக்கிற தென்மண்டல வாரியத்தின் வழியாக, மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் போகும். கட்டணம் கிடையாது. பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை 2019 விதித் திருத்தம் மாதம் 9,000 ரூபாயாக வைத்தது, சில நிறுவனங்கள் குறைந்தபட்சத்தைவிடக் கூடுதலாகவே தருகின்றன. பயிற்சி முடிந்தால் வேலை உறுதி என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஆனால் ‘நெய்வேலி அனல்மின் நிலையத்தில் ஓராண்டு’ என்ற ஒரு வரி ரெஸ்யூமில் இருந்தால் நான் நிறுத்தி வாசிப்பேன்.

இப்போது பணம் கேட்டு வருகிறவர்களைப் பற்றி. சென்னையில் ‘கன்சல்டன்சி’ என்று ஒரு அறை. “பேக்டோர் என்ட்ரி சார், ரெண்டரை லட்சம், மூணு மாசத்துல பர்மனென்ட்.” மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு கட்டியது. மகனுக்கு அடையாள அட்டை வந்தது, மூன்று மாதம் சம்பளமும் வந்தது. அக்கம்பக்கத்தில் மூன்று பேருக்கு அந்த அப்பாவே சிபாரிசும் செய்தார். நான்காம் மாதம் அலுவலகம் பூட்டியிருந்தது. மூன்று மாதச் சம்பளம் அவர் கொடுத்த ரெண்டரை லட்சத்திலிருந்தே வந்தது என்று அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது. இதில் என்னை அதிகம் வருத்தியது வேறு. அந்த மூன்று வீட்டு வாசலைத் தாண்டிப் போக முடியாமல் அவர் தெருவை மாற்றிச் சுற்றிப் போனார்.

‘பயிற்சிக்கு டெபாசிட், பிறகு வேலை’ என்பது இன்னொரு ரகம். ஒழுங்கான கம்பெனி எதுவும் வேலைக்குச் சேர்க்கப் பணம் வாங்காது. இதற்கு விதிவிலக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று அமைச்சர் வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாவது ரகம். அவர்களைப் பற்றி நாளிதழில் வாரம் ஒரு செய்தி வருகிறது, நான் எழுதத் தேவையில்லை.

வெளிநாடு விஷயத்தில் பணத்தோடு உயிரும் சேர்ந்திருக்கிறது. 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சொல்லி, நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்ய வைத்து அடித்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளைத்தான் தேடிப் பிடித்தார்கள். வெளியுறவு அமைச்சகம் செப்டம்பர் 24-ஆம் தேதி எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். அதோடு முடியவில்லை, 2025-லும் அங்கிருந்து நூற்றுக்கணக்கான இந்தியர்களை விமானம் அனுப்பி அழைத்துவர வேண்டியிருந்தது. வளைகுடாவுக்கு அனுப்பும் முகவர் என்றால் அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் தலைமுறையாகக் கடல் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு நாள் போய் விசாரித்தாலே பாதி முகவர்களின் ஜாதகம் தெரிந்துவிடும்.

அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 குரூப் 4-ல் 3,935 இடங்களுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2019-ல் கோவை மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு வந்த விண்ணப்பங்களில் பொறியியல் பட்டதாரிகளும் இருந்தார்கள். இதில் கேவலம் எதுவுமில்லை, படிக்க ஆசைப்படுகிறவன் படிக்கட்டும். எத்தனை முறை எழுதுவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஒரு தகவலுக்காக: தமிழக அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை, மற்ற பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய், பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. பொறியாளர் வேலையில்லாமல் இருக்க மாட்டார் என்று எப்போதோ யாரோ எழுதிய விதி இன்னும் இருக்கிறது.

மகள்களைப் பெற்றவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகனுக்கு மூன்று வருஷம் காத்திருக்கிற வீடு, மகளுக்கு மூன்று மாதம்தான் பொறுக்கிறது. “ஐ.டி.ல கிடைச்சா போகட்டும், இல்லன்னா ஜாதகத்த எடுத்துடலாம்.” மதிப்பெண்ணில் அவள்தான் வகுப்பில் முன்னால் இருந்திருப்பாள். எங்கள் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்திலும் இன்ஸ்ட்ருமென்டேஷனிலும் பெண்கள் வந்த பிறகு, காலிப்ரேஷன் பதிவேடுகள் தணிக்கைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து நிரப்பப்படுவது நின்றது. ஆண் பொறியாளன் நான், இதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. வேலைத்தளம் பெண்ணுக்குச் சரிப்படாது என்ற முடிவை எடுப்பது பெரும்பாலும் கம்பெனி அல்ல, வீடு. பயம் தங்குமிடத்தைப் பற்றியது என்றால், அரசின் தோழி விடுதிகள் விழுப்புரத்திலும் தாம்பரத்திலும் இருக்கின்றன. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஒருமுறை அவளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவெடுங்கள். சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு வருகிற ஜாதகங்களின் தரமே வேறு என்பதையும், உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன் வாங்கியிருப்பீர்கள். படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், பிறகு கடிகாரம் ஓடத் தொடங்கும். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். மானேஜர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வங்கிப் பக்கமே போகாமல் இருப்பதுதான் நம் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். காலக்கெடு முடிவதற்கு முன்பே போய், வேலை அமையவில்லை என்று எழுதிக் கொடுத்து, தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். உங்கள் பிள்ளை வங்கித் தேர்வு எழுதுகிறவன் என்றால் இது இன்னும் முக்கியம். கடன் நிலுவை வரலாற்றைக் காட்டி ஸ்டேட் வங்கி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்ததை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சரியென்று ஏற்றது. பட்டத்துக்காக வாங்கிய கடனே வேலைக்கு முட்டுக்கட்டை ஆகிவிடக் கூடாது.

இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கும் இளைய பிள்ளை வீட்டில் இருந்தால், கல்லூரி வாசலில் வைத்திருக்கும் பேனரில் ‘1,200 ஆஃபர்கள்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒரே பையன் நான்கு ஆஃபர் வாங்கினால் பேனரில் அது நான்கு. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குப் போகும் கல்லூரிகள், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், நடுமட்டச் சம்பளம் என்ன என்பதைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

“பையனுக்கு ஒரு இடம் இருக்கு சார், ரெண்டு லட்சம் மட்டும் ரெடி பண்ணுங்க” என்று நாளைக்கே உங்களுக்குப் போன் வரலாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். பணி ஆணையில் கையெழுத்துப் போடுவது எந்தக் கம்பெனி, பி.எஃப். யார் கட்டுவார்கள், வாங்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது உண்டா என்று கேளுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மானம் போய்விடும் என்று மூடி மறைக்காமல், வாட்ஸப் உரையாடலையும் பணம் போன விவரத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு காவல்துறையில் புகார் கொடுங்கள். ஆன்லைனில் அனுப்பிய பணம் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அன்றைக்கே பேசிவிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மறிப்பது கடினம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
கடலூர் முதுநகர்